இரண்டு மூவ் பின்தங்கிய ராஜா

ரிச்சர்ட் ரெட்டி என்றதும் ஆந்திராக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். 1889-ல் பெசினோக் என்ற ஊரில் பிறந்தவர். அன்று அது ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசு, இன்று ஸ்லோவாக்கியா. வியன்னாவில் கணிதம் படித்துவிட்டு செஸ்ஸுக்கு வந்தார். 1924-ல் நியூயார்க்கில் உலக சாம்பியன் கபாபிளாங்காவைத் தோற்கடித்தார். கபாபிளாங்கா அதற்கு முன் எட்டு வருஷம் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை! மறு வருஷம் பிரேசிலில் போர்டைப் பார்க்காமலே ஒரே சமயத்தில் 29 பேருடன் ஆடினார்.

அதெல்லாம் இருக்கட்டும். எனக்கு அவரைப் பிடித்தது 1921-ல் அவர் அமைத்த ஒரு சின்னப் புதிருக்காக. போர்டில் நாலே காய்கள்தான். வெள்ளை ராஜா எச்8, வெள்ளைச் சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ6, கறுப்புச் சிப்பாய் எச்5. வெள்ளை ஆடி டிரா செய்ய வேண்டும்.

பார்த்தால் கதை முடிந்த மாதிரி இருக்கும். கறுப்புச் சிப்பாய் ராணியாக ஓடுகிறது; நம் ராஜா இரண்டு மூவ் லேட். நம் சிப்பாயையோ கறுப்பு ராஜா இரண்டே மூவில் வெட்டிவிடும். பின்னால் துரத்தினாலும் தோல்வி, சொந்தச் சிப்பாயிடம் ஓடினாலும் தோல்வி.

ரெட்டி என்ன செய்தார்? ராஜாவை மூலைவிட்டத்தில் ஜி7, எஃப்6, இ5 என்று இறக்கினார். இங்கேதான் நம்ம என்ஜினீயரிங் டிராயிங் மூளை இடறும். எச்8-லிருந்து எச்2-க்கு நேராகப் போனால் 6 கட்டம். இ5 வழியாகச் சுற்றினால் ஸ்கேல் வைத்து அளந்தால் சுமார் 8.5 கட்டம் வரும். ஆனால் ராஜா குறுக்கே வைக்கும் அடியும் ஒரு மூவ்தானே? அதனால் சுற்றுவழியும் அதே 6 மூவ்தான்! ஒரு மூவும் நஷ்டமில்லாமல் இரண்டு சிப்பாய்களையும் ஒருசேர நெருங்குகிறது. கறுப்பு ராஜா நம் சிப்பாயை வெட்டப் போனால் அந்த இரண்டு மூவ் நமக்கு லாபம்; எஃப்4, ஜி3 வந்து அவன் சிப்பாயைப் பிடித்துவிடலாம். வெட்டாமல் சிப்பாயை ஓட்டினால் நம் ராஜா டி6 போய்த் தன் சிப்பாயைக் காப்பாற்றும். இரண்டு பக்கமும் ராணி.

எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசல் மிதித்த முதல் ஆள் நான். படிப்பா, வேலைக்குப் போய் வீட்டுக்குப் பணம் அனுப்புவதா என்று லீவுக்குப் போகும்போதெல்லாம் பேச்சு வரும். ஹாஸ்டலில் இந்தப் புதிரைப் போட்டுப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

ரெட்டி நல்ல எழுத்தாளரும்கூட. ஒவ்வொரு மாஸ்டரும் எப்படி யோசித்தார் என்று சொல்லிக்கொடுப்பதுதான் அவர் பாணி. 1929-ல் பிராக் நகரில், நாற்பதே வயதில், ஸ்கார்லெட் காய்ச்சலில் இறந்தார். அவருடைய 'மாஸ்டர்ஸ் ஆஃப் தி செஸ் போர்டு' புத்தகம் அதற்குப் பிறகுதான் வெளிவந்தது.