கடலடித் தரையும் நம் காலடித் தரையும்

பெருங்கடல் மேலோடு எது என்று நமது மாலை வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால், "கடல் தண்ணீருக்கு அடியில் இருப்பது" என்கிறார்கள். பாதிதான் சரி. இராமேஸ்வரத்துக்கும் இலங்கைக்கும் நடுவே கடல் கிடக்கிறது. ஆனால் அதற்கு அடியில் இருப்பது கண்ட மேலோடுதான். அதன் தாழ்ந்த பகுதியில் கடல்நீர் ஏறி நிற்கிறது, அவ்வளவே. தண்ணீரை வைத்து அல்ல, பாறையை வைத்தே வகை பிரிக்க வேண்டும்.

கண்ட மேலோடு பெரும்பாலும் கிரானைட் வகைப் பாறை. சராசரியாக 35 கி.மீ. தடிமன், இமயமலைப் பகுதியில் சுமார் 70 கி.மீ. பெருங்கடல் மேலோடு பசால்ட் என்னும் கரிய எரிமலைப் பாறை. தடிமன் 7 கி.மீ. அளவே. மெல்லியதாக இருந்தாலும் அதன் அடர்த்தி அதிகம். ஒரு கன சென்டிமீட்டர் கண்டப் பாறை 2.7 கிராம் என்றால், இது சுமார் 3 கிராம். தேர்வுக்கு மனப்பாடம் செய்து மறந்துவிடும் எண்கள்தாம். ஆனால் விஷயம் முழுவதும் அந்தச் சிறிய வித்தியாசத்தில்தான் இருக்கிறது. இலேசான, தடித்த தெப்பம் உயர்ந்து மிதப்பதுபோல் கண்டம் மேலே நிற்கிறது. கனமானது தாழ்ந்து கிடப்பதால் அதன்மேல் கடல் தேங்குகிறது.

கடலடியில் புதிதாக உருவாகும் தரை, ஆற ஆறக் கனம் கூடி, கடைசியில் வேறொரு தட்டின் கீழே அமிழ்கிறது. அதனால் பெருங்கடல்களின் தரையில் 20 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட பாறையைக் காண்பது அரிது. கண்டம் அப்படி எளிதில் அமிழ்வதில்லை. சென்னைப் பல்லாவரத்துப் பாறைக்கே ஏறத்தாழ 250 கோடி வயது!

சுமத்ராவை ஒட்டி இந்தியப் பெருங்கடலின் தரை இப்படித்தான் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் கீழே போகிறது. அமிழும் தட்டோடு சிக்கிக்கொண்ட மேல்தட்டின் விளிம்பும் வளைந்து இழுபடுகிறது. 26.12.2004 காலையில் அந்தப் பிடி 1,200 கி.மீ.க்கு மேற்பட்ட நீளத்துக்கு விட்டுப்போனது. நிலநடுக்கத்தின் அளவு 9.1. கடலடி எழும்பித் தண்ணீரைத் தூக்கியது. நாகப்பட்டினம், நாகூர்க் கரைக்கு அலை வந்து சேர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆயிற்று. சொல்வதற்கு அன்று ஆளில்லை. 2007 முதல் ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் இயங்குகிறது.

எச்சரிக்கை வராவிட்டாலும், கடல் வழக்கமின்றி உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும். முதல் அலை வடிந்ததும் சாமான் எடுக்கத் திரும்பக் கூடாது. அடுத்தடுத்த அலைகள் பல மணி நேரம் வரலாம். கடலோரத்தில் இருக்கும் உறவினர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.