முத்திரைச் சுத்தியல் எடுக்கும் முன்

வங்கக் காடுகளில் வேலை பார்த்து ஓய்ந்து, இப்போது கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கிறேன். வனத்துறைக்கும் கார்பன் கணக்கு வேலைக்கும் புதிதாக வரும் நம் பிள்ளைகள் வீட்டுக்கு வந்தால் நான் சொல்வது இவ்வளவுதான்.

1. முதலில் ஆராபாரியைப் போய்ப் பாருங்கள். மேற்கு மேதினிபூர் மாவட்டம். 1972 வாக்கில் அந்தச் சால் மரக் காடு வெட்டுப்பட்டுப் புதராகக் கிடந்தது. அதிகாரி அஜித் குமார் பானர்ஜி காவலாளைப் பெருக்கவில்லை. 11 கிராமத்தாரை அழைத்து, “காத்துக் கொடுங்கள், மர வருமானத்தில் கால் பங்கு உங்களுக்கு” என்ற ஏற்பாட்டுக்கு வந்தார். 618 குடும்பங்கள் காத்தன. 1,272 ஹெக்டேர் துளிர்த்தது. 1989இல் மாநில அரசும், 1990இல் மத்திய அரசும் அதே வழிக்கு வந்தன.

2. வெட்டக் கற்றுக்கொள்ளுங்கள். கரும்பு மறுதாம்பு விடுவதுபோல் சால் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும். தரையை ஒட்டி, சாய்வாக, பட்டை கிழியாமல் வெட்ட வேண்டும். கட்டையில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். கொத்தாக வரும் துளிரில் திடமான ஒன்றிரண்டை விட்டு மற்றதைக் கழியுங்கள். ஆடுமாடு வாய் வைக்கக் கூடாது.

3. மொத்தமாக மொட்டையடிக்காதீர்கள். காட்டைக் கூறு போட்டு, ஆண்டுக்கு ஒரு கூறு. பக்கத்துக் கூறு நின்றால்தான் பறவைக்குப் போக்கிடம்.

4. பொந்து மரத்தை விட்டுவிடுங்கள். இளவயதில் நானும் அதைத் ‘தேறாத மரம்’ என்று எழுதியவன்தான். மரக் கணக்கில் அது பூஜ்யம். மரங்கொத்திக்கும் ஆந்தைக்கும் அதுதான் வீடு.

5. அண்ணாந்து பார்த்தது போதும், குனிந்து பாருங்கள். மழை தொடங்கினால் சால் வேரடியில் குர்குரே சாத்து என்னும் காளான் வரும், கோலிக்குண்டுபோல் இருக்கும். பெண்கள் மண்ணைக் கீறிப் பொறுக்குவார்கள். சால் இலையில் தையல் இலை தைப்பார்கள். அதே இடத்தில் தைலமரமும் ஆகாஷ்மணி மரமும் போட்டால் சீக்கிரம் வளரும், கார்பன் ஏடும் நிரம்பும். ஆனால் அந்த மரங்களின் இலையில் யாரும் சோறு போட முடியாது.

6. வெட்டிய மரம் எங்கே போகிறது என்று கேளுங்கள். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கார்பன். விறகானால் அன்றைக்கே புகை. உத்திரமானால் தலைமுறைக்கும் நிற்கும். வடக்கு கொல்கத்தாவின் பழைய வீடுகளில் பர்மா தேக்கு உத்திரங்கள் இன்னும் பாரம் தாங்குகின்றன. அந்தத் தேக்கு அடுத்தவர் காட்டில் வெட்டியது என்பதையும் மறக்க வேண்டாம்.

7. கோடரி நுழையக் கூடாத காடும் உண்டு. சுந்தரவனத்தில் கார்பனின் பெரும்பங்கு சேற்றுக்குள் இருக்கிறது. புயல் நாளில் அலையின் வேகத்தை மட்டுப்படுத்துவதும் அந்தக் காடுதான்.

8. எண்ணுக்கு மயங்காதீர்கள். 2030க்குள் காடும் மரமும் வளர்த்துக் கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவை ஈர்ப்பதாக இந்தியா உலகுக்கு வாக்களித்திருக்கிறது. மேலிடம் டன் கணக்குத்தான் கேட்கும், கொடுங்கள். பக்கத்திலேயே எத்தனை வகை மரம், பறவை, காளான் என்றும் எழுதுங்கள். கேட்காவிட்டாலும் எழுதுங்கள்.

வெட்டும் மரத்தில் முத்திரைச் சுத்தியலால் அடையாளம் இடுவது நம் துறை வழக்கம். சுத்தியலோடு காட்டுக்குள் போகும் அன்று, விடவேண்டிய மரங்களை முதலில் குறித்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளே. மிச்சத்தில்தான் உங்கள் சுத்தியலுக்கு வேலை.