பறையைத் தோளில் மாட்டிய தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

வேடசந்தூர்ப் பக்கத்து ஊரிலிருந்து திண்டுக்கல்லுக்குப் படிக்க வரும் நீ, கல்லூரி விழாவில் பறை அடித்த சந்தோஷத்தை எழுதியிருந்தாய். உன் தாத்தா பறை அடித்தவர், அப்பா அதைத் தொடமாட்டேன் என்று நூற்பாலை வேலைக்குப் போனவர், நீ மறுபடி எடுத்ததில் அவருக்கு இன்னும் மனத்தாங்கல் என்பதையும் எழுதியிருந்தாய். கடைசியில், "அடியெல்லாம் ஓரளவு கைக்கு வந்துவிட்டது, இனி என்ன கற்க வேண்டும் அக்கா?" என்று கேட்டிருந்தாய். உன் வயதில் பறை எடுக்கிற பிள்ளைகள் இன்று நிறையப் பேர் இருப்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

இனி நீ கற்க வேண்டியது, கைக்கு வந்த அடிகளின் கதையை. சப்பரத்தடி, மருளடி, சாமிச்சாட்டடி, ஒத்தையடி, மாரடி, வாழ்த்தடி என்று பெயர்களைக் கடகடவென்று சொல்வாய். எந்த இடத்தில், யார் முன்னால், என்ன நடக்கையில் அந்த அடி விழ வேண்டும் என்று கேட்டு வைத்திருக்கிறாயா? சாமிச்சாட்டு என்பது திருவிழா வருகிறது என்று ஊருக்குச் சொல்கிற அடி. மருளடி அடிக்கிறவர் சாமியாடியின் காலைப் பார்த்துக்கொண்டே அடிப்பார். கால் வேகமெடுத்தால் கையும் வேகமெடுக்கும். மேடையில் ஐந்து நிமிஷத்துக்குள் இவை எல்லாவற்றையும் அடுக்கி அடித்தால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் எந்த அடி எதற்கு என்பது உன்னோடு நின்றுவிட்டால், உனக்குப் பின்னால் வருகிறவளுக்கு வெறும் தாளம்தான் போய்ச் சேரும். ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் சேர்த்து எண்ணியது தொல்காப்பியம். நிலத்துக்கு நிலம், தொழிலுக்குத் தொழில் பறை வேறாக இருந்த மண் இது.

இந்தக் கதைகள் எங்கே கிடைக்கும் என்றால், பறை காய்ச்சுகிற இடத்தில் கிடைக்கும். பொழுது சாய்ந்து பனி இறங்கினால் மாட்டுத்தோல் தளர்ந்துவிடும். வைக்கோலைக் கூட்டித் தீ மூட்டி, பறையின் முகத்தைத் தீக்குக் காட்டி, ஓரிடத்தில் சூடு ஏறிவிடாமல் சுற்றிச் சுற்றித் திருப்புவார்கள். நடுவில் விரலால் தட்டிப் பார்ப்பார்கள். முதலில் தொப்பென்று கேட்கும். தோல் இறுக இறுகச் சத்தம் மேலே ஏறி, கணீரென்று வந்ததும் தீயை விட்டு எடுப்பார்கள். அந்தக் காத்திருப்பில்தான் பெரியவர்கள் பேசுவார்கள். எந்த ஊரில் யார் சாவுக்கு விடிய விடிய அடித்தோம், பறையின் வட்டக் கட்டைக்கு எந்த மரம் தாங்கும், தோலை ஒட்டப் புளியங்கொட்டைப் பசையை எந்தப் பதத்தில் காய்ச்ச வேண்டும், அடிக்குச்சியைவிடச் சுண்டுக்குச்சி ஏன் மெலிந்து நீண்டிருக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே வந்து விழும். பைபர் முகம் போட்ட பறைக்குத் தீ தேவையில்லை. மழைக்கும் அவசரத்துக்கும் அது உதவும், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். தோல் பறை ஒன்றையும் கட்டாயம் வைத்துக்கொள். தீயைச் சுற்றி நிற்கிற அந்த அரை மணி நேரம் இல்லாமல் போனால் கற்றுக்கொடுக்கிறவரின் வாயிலிருந்து கதை வராது.

இப்போது உன் அப்பாவின் மனத்தாங்கலுக்கு வருகிறேன். பறையைக் கீழே வைத்த கதையும் பறையின் கதைதான். ஊரில் சாவு விழுந்தால் போய்த்தான் ஆக வேண்டும், இவ்வளவு கூலி என்று வாய் திறக்கக் கூடாது, கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று இருந்த காலத்தை அவர் பார்த்திருப்பார். இனி அடிக்கமாட்டோம் என்று சேரியே முடிவெடுத்த ஊர்கள் உண்டு. அது கலையை வெறுத்து எடுத்த முடிவல்ல. சாதி தலையில் கட்டிய வேலையை மானத்துக்காக உதறிய முடிவு. அதே மானத்துக்காகத்தான் வேறு சிலர் பறையைக் கையில் எடுத்தார்கள். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பறட்டை என்று அழைக்கப்பட்ட தியோபிலஸ் அப்பாவு பறையை வழிபாட்டுக்குள்ளேயே கொண்டுவந்தார். நம் திண்டுக்கல்லில் 1990-இல் சகோதரி சந்திரா சக்தி கலைக்குழுவைத் தொடங்கினார். ஆண்கள் மட்டுமே அடித்துவந்த பறை, படிப்பை நிறுத்திவிட்ட தலித் பெண் பிள்ளைகளின் தோளில் ஏறியது. சாவு மேளம் என்று இளக்காரமாகப் பார்த்த ஊர்களின் தெருக்களிலேயே அவர்கள் தலை நிமிர்ந்து ஆடினார்கள். அமெரிக்க இசை ஆய்வாளர் ஜோயி ஷெரினியன் அவர்களைப் பற்றி 'சக்தி வைப்ரேஷன்ஸ்' என்ற ஆவணப்படம் எடுத்தார். 2025-இல் பறைக் கலைஞர் மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. நீ மேடையில் கூச்சமில்லாமல் நிற்கிறாய் என்றால் அதற்குப் பின்னால் பறையைக் கீழே வைத்தவர்களும் இருக்கிறார்கள், எடுத்தவர்களும் இருக்கிறார்கள். அப்பாவிடம் சண்டை போடாமல் உட்கார்ந்து, அவர் ஏன் வைத்தார் என்று கேள். தாத்தாவின் அடியைப் போலவே அப்பாவின் பதிலும் நீ கைமாற்றிக் கொடுக்க வேண்டிய சொத்து.

கதையை விட்டுவிட்டுக் கலை மட்டும் கைமாறினால் என்ன ஆகும் என்பதற்குத் தூரத்து நாட்டுச் செய்தி ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவின் ஆர்னெம் லேண்ட் பகுதியைச் சேர்ந்த பழங்குடி ஓவியர் டேவிட் மலாங்கி, தன் குலத்து மூதாதையான குர்மிரிங்கு என்ற வேட்டைக்காரரின் சாவுச் சடங்கை மரப்பட்டையில் வரைந்திருந்தார். 1966-இல் வந்த புதிய ஒரு டாலர் நோட்டில் அந்த ஓவியத்திலிருந்து எடுத்த வடிவம் அச்சானது. வரைந்தவரை யாரும் கேட்கவில்லை. விஷயம் வெளியே வந்த பிறகுதான் ஆயிரம் டாலரும், மீன்பிடி சாமான்களும், ஒரு பதக்கமும் கொடுத்தார்கள். ஒரு குலத்தின் இழவுச் சடங்கு நாடு முழுக்கச் சட்டைப் பையில் கிடந்திருக்கிறது. வரைந்தவர் பெயரும் தெரியாமல், அது யார் சாவு என்றும் தெரியாமல் ஜனங்கள் செலவழித்திருக்கிறார்கள். நம் சாவு அடியைச் சினிமாப் பாட்டிலும் ரீல்ஸிலும் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த நோட்டு ஞாபகம் வருகிறது.

அதே நாட்டில் பப்புன்யா என்ற ஊரில் 1971-இல் பெரியவர்கள் பள்ளிக்கூடச் சுவரில் தேன் எறும்பு மூதாதையின் கதையை வரைந்தார்கள். மறுவருஷமே ஓவியர்கள் தங்களுக்கென்று சொந்தமாக ஒரு நிறுவனம் கட்டிக்கொண்டார்கள். ஆரம்பத்தில் வரைந்த பலகைகளில் வெளியாள் பார்க்கக் கூடாத சடங்கு ரகசியங்களும் வந்துவிட்டன என்று அவர்களுக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. பிறகு எதைக் காட்டலாம், எதை மறைக்கலாம் என்று யோசித்து வரைந்தார்கள். விற்பனை, பெயர், ரகசியம் மூன்றையும் தங்கள் கைக்குள் வைத்துக்கொள்ளப் பார்த்தார்கள்.

நமக்கும் அந்த நிதானம் வேண்டும். மருளடியை மேடையில் அடிக்கலாமா என்று, உனக்குக் கற்றுக்கொடுத்தவரிடம் கேட்டுவிட்டு அடி. வேண்டாம் என்றால் விட்டுவிடு. அவர் பேசுவதைப் போனில் பதிவு செய்வதாக இருந்தால் முதலில் அனுமதி கேள். பதிவை யாருக்குக் காட்டலாம் என்பதையும் அவரே சொல்லட்டும். சாவு வீட்டுக்கு அடிக்கப் போவதும் போகாததும் உன் விருப்பம். போனால் கூலி பேசிவிட்டுப் போ, மரியாதையாகக் கூப்பிட்டால் மட்டும் போ. சாவு அடியே வேண்டாம் என்று மட்டும் ஒதுக்கிவிடாதே. செத்தவரை ஊரறிய அனுப்பிவைக்க நம் பாட்டன்மார் கண்டுபிடித்த அடி அது. அதைக் கேவலம் என்றது சாதியே தவிர, அந்த அடியில் எந்தக் குறையும் இல்லை.

மேடை ஏறியதும் உன் பெயருக்கு முன்னால் ஆசான் பெயரையும், இந்த அடி எந்த ஊர் அடி என்பதையும் சொல். நிகழ்ச்சிக்காரர்கள் நேரமில்லை என்பார்கள். ஒரு அடியைக் குறைத்துக்கொண்டாவது சொல்.

உன்னைவிடச் சின்னவள் ஒருத்தியை இந்த வருஷமே பக்கத்தில் சேர்த்துக்கொள். முழுசாகக் கற்ற பிறகு சொல்லிக்கொடுக்கலாம் என்று தள்ளிப்போடாதே. உனக்குத் தெரிந்த முதல் அடியையும், அது எதற்காக அடிக்கப்பட்டது என்பதையும் அவளுக்குச் சேர்த்தே கொடு. அவள் கேட்கிற கேள்விக்கு உனக்குப் பதில் தெரியாதபோது, அவளையும் கூட்டிக்கொண்டு பெரியவர்களிடம் போ.

அன்புடன்,
உன் அக்கா