ஓய்வுக்குப் பின் உலகம்: மார்டள்ளியிலிருந்து அங்கோர் வரை

ஓய்வு பெற்றதும் உலகின் பழைய கோயில்களையும் கோட்டைகளையும் பார்க்க ஆசைப்படுபவர்கள் எடுத்த எடுப்பில் எகிப்துக்கு டிக்கெட் விசாரிப்பார்கள். கர்நாடகத்தின் மார்டள்ளிக்காரர்களுக்கு அதைவிட நல்ல தொடக்கம் கொள்ளேகாலைத் தாண்டியதுமே இருக்கிறது. பக்கத்தில் ஆரம்பித்துப் படிப்படியாகத் தொலைவுக்குப் போனால் காலும் கண்ணும் பழகும், கையிருப்பும் தாங்கும்.

1. சோமநாதபுரத்தில் ஒத்திகை

ஹனூர், கொள்ளேகால், தி. நரசிபுரம் வழியாக அதிகாலையில் கிளம்புங்கள். ஒய்சள மன்னன் மூன்றாம் நரசிம்மனின் தளபதி சோமநாதன் 13ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கேசவர் கோயில் சோமநாதபுரத்தில் இருக்கிறது. 2023இல் பேலூர், ஹளேபீடு கோயில்களோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. வலமாகச் சுற்றினால் தெற்கே ராமாயணம், பின்சுவரில் கண்ணன் கதை, வடக்கே பாரதம் என்று கதை வரிசையாக ஓடும். கோயில் கட்டிய மாக்கல் வெட்டும்போது மென்மையாக இருந்து, காற்றுப்பட்டு இறுகும். சிலைகளின் நகைகளில் அத்தனை நுணுக்கம் வந்தது அதனால்தான். சில சிலைகளின் அடியில் சிற்பி மல்லிதம்மனின் பெயர் வெட்டியிருக்கும், தேடிப் பாருங்கள்.

கால் வலிக்காமல் எத்தனை மணி நேரம் சுற்ற முடிந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் ஒரு நாளைக்கு அதற்கு மேல் திட்டம் போடாதீர்கள்.

2. பாஸ்போர்ட்

மைசூருவில் ஒரு தபால் நிலையத்தில் 2017 ஜனவரியிலேயே பாஸ்போர்ட் மையம் தொடங்கிவிட்டது. இனிஷியலை விரித்து எழுதுவதில்தான் சிக்கல் வரும். ஆதார், பென்ஷன் புத்தகம், ஞானஸ்நானச் சான்று எல்லாவற்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் சரிபாருங்கள். பயணத் தேதிக்குப் பிறகு ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும்.

3. பென்ஷன் தடைபடாமல்

அரசு ஓய்வூதியர்கள் பொதுவாக நவம்பரில் உயிர்வாழ்வுச் சான்று தர வேண்டும். அங்கோர் பயணத்துக்கு நல்ல பருவமும் அப்போதுதான் தொடங்குகிறது. ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டிச் சான்று கொடுக்கும் வசதி உண்டு. ஊரில் இருக்கும்போதே பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு முறை செய்து பழகுங்கள்.

4. மருந்தும் காப்பீடும்

சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் காப்பீட்டுப் படிவத்தில் மறைக்காதீர்கள். மறைத்தால் பணம் கேட்கும்போது மறுத்துவிடுவார்கள். மாத்திரைகளை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கைப்பையிலேயே வையுங்கள். நம் ஊரில் டாக்டர் சாதாரணமாக எழுதித் தரும் சில வலி மாத்திரைகளுக்கு வளைகுடா நாடுகளில் கடும் கட்டுப்பாடு உண்டு. அந்த வழியாக விமானம் மாறுபவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

5. முதல் வெளிநாடு: இலங்கையின் பொலன்னறுவை

விமானப் பயணம் குறைவு, சாப்பாடு ஒத்துக்கொள்ளும், தமிழிலும் பேசிச் சமாளிக்கலாம். சோழர்கள் தலைநகராக வைத்திருந்த ஊர் இது. சோழ அரசியின் பெயரால் அமைந்த வானவன் மாதேவி ஈசுவரம் என்ற கற்கோயில் இன்றும் நிற்கிறது. வேளைக்காரப் படையினர் பொறித்த தமிழ்க் கல்வெட்டையும் அங்கே பார்க்கலாம். பெரும்பாலும் சமதரை என்பதால் முழங்கால் வலிக்காரர்களும் சுற்றலாம். அருகிலுள்ள சிகிரியாவில் சுமார் 1,200 படிகள். ஏற முடியாவிட்டால் கீழே உள்ள நீர்த்தோட்டங்களோடும் அருங்காட்சியகத்தோடும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

6. பிறகு அங்கோர்

கம்போடியாவின் அங்கோர் வாட்டை 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் எழுப்பினான். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தணிந்திருக்கும். ஒரு நாள் சீட்டு 37 டாலர், மூன்று நாள் சீட்டு 62 டாலர். மூன்று நாள் சீட்டைப் பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளில் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்பதால் மூத்தவர்களுக்கு அதுவே லாபம். ஒரு நாள் பார்த்து, மறுநாள் விடுதியில் ஓய்வெடுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை இல்லாவிட்டால் மேல்தளத்துக்கு விடமாட்டார்கள். அங்கே ஏறும் படி மிகச் செங்குத்து. முதல் அடுக்கின் நீண்ட சுவர்களில் குருக்ஷேத்திரமும் இலங்கைப் போரும் பாற்கடல் கடைதலும் இருக்கின்றன. சோமநாதபுரத்துச் சுவர்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அங்கே வழிகாட்டி தேவைப்படாது.