பத்தைக் கட்டுவதும் பிரிப்பதும்: தொடக்கப் பள்ளியில் கணிதச் செயல்பாடுகள்

தொடக்கப் பள்ளியில் கணிதச் செயல்பாடு என்பது, குழந்தை தன் கையால் எடுத்து, அடுக்கி, கட்டி, பிரித்து, ஓர் எண்ணையோ வடிவத்தையோ தானே கண்டுகொள்ளும் வேலை. சுவரில் ஒட்டும் விளக்கப்படம் இதில் சேராது. கண்காட்சிக்காகப் பெற்றோர் விடிய விடிய உட்கார்ந்து செய்து தரும் தெர்மோகோல் மாதிரியும் சேராது. அங்கே கணக்குப் போடுவது பெரியவர்கள், பிள்ளை தூக்கிக்கொண்டு வருவதோடு சரி. இங்கே சொல்லப்படுபவை ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்கு உரியவை. ஓர் அறை, அதில் இரண்டு வகுப்பு, முப்பதுக்குள் பிள்ளைகள், ஒரே அலமாரி என்ற நிலையில் பாடம் நடத்திய ஓர் ஆசிரியையின் அனுபவத்திலிருந்து இவை எழுதப்படுகின்றன.

முதல் வகுப்புக்கு எண்ணும் பொருள்கள் போதும். புளியங்கொட்டை, சோடா மூடி, கூழாங்கல் எதுவானாலும் வேலை நடக்கும். சத்துணவுக்கு முட்டை வரும் அட்டையில் ஐந்துக்கு ஆறாக முப்பது குழிகள் இருக்கும். இரண்டிரண்டு வரிசைகளாக வெட்டினால் ஓர் அட்டையில் பத்துக் குழிகள் கொண்ட மூன்று துண்டுகள் கிடைக்கும். அதில் ஏழு கொட்டை போட்டால் ஒரு வரிசை நிறைந்து, அடுத்த வரிசையில் இரண்டு விழும். மூன்று குழி காலியாக இருக்கும். ஏழு என்பது ஐந்தும் இரண்டும், பத்துக்கு மூன்று குறைவு என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

இரண்டாம் வகுப்பில் தொடங்கி மூன்றாம் வகுப்பில் உறுதிப்பட வேண்டியது இடமதிப்பு. பத்து ஒன்றுகள் சேர்ந்தால் ஒரு பத்து, அந்தப் பத்தைப் பிரித்தால் மறுபடியும் பத்து ஒன்றுகள் என்பது விளங்காத பிள்ளைக்குக் கழித்தல், பெருக்கல், வகுத்தல், தசமம் எல்லாமே புரியாத மந்திரம். இதற்கான பொருள்கள் மூன்று வகை. முதல் வகை கட்டிப் பிரிக்கக் கூடியது: பத்து ஈர்க்குச்சியை ஒரு ரப்பர் பேண்டால் கட்டினால் ஒரு பத்து, அப்படிப் பத்துக் கட்டுகளைச் சேர்த்துக் கட்டினால் ஒரு நூறு. இரண்டாவது, ஹங்கேரியில் பிறந்த கணிதக் கல்வியாளர் ஸோல்டான் டீன்ஸின் பெயரால் வழங்கும் கட்டைகள். பத்தின் கட்டை ஒன்றின் கட்டையைவிடப் பத்து மடங்கு நீளம் என்பதால் அளவு கண்ணுக்குத் தெரியும். ஆனால் அதை உடைக்க முடியாது, கொடுத்து மாற்றிக்கொள்ளத்தான் முடியும். மூன்றாவது வண்ண வில்லைகள். ஒன்றும் பத்தும் நூறும் ஒரே அளவு, நிறம் மட்டுமே வேறு. ஆணிமணிச்சட்டமும் ஏறக்குறைய இந்த வகைதான். அதில் மணியின் மதிப்பை அது இருக்கும் ஆணி சொல்கிறது. மூன்றையும் இதே வரிசையில்தான் பிள்ளையின் கையில் தர வேண்டும்.

இந்த வரிசை தவறிய ஓர் ஆண்டு உண்டு. பள்ளி திறந்த ஜூன் மாதத்தில் பார்வையிட வந்த ஒருவர், மூன்றாம் வகுப்பின் மூலையில் இருந்த ஈர்க்குச்சிக் கட்டுகளைப் பார்த்துக் குப்பை என்றார். வகுப்பறை பளிச்சென்று இருக்க வேண்டும், மற்ற பள்ளிகளில் வண்ண வில்லைகள் வந்துவிட்டன என்றார். ஆசிரியை தம் கைக்காசு 640 ரூபாய் போட்டு வில்லைகள் வாங்கினார். மஞ்சள் ஒன்று, நீலம் பத்து, சிவப்பு நூறு. இரண்டே வாரத்தில் 28 பிள்ளைகளும் 346 என்றால் மூன்று சிவப்பு, நான்கு நீலம், ஆறு மஞ்சள் என்று தட்டாமல் எடுத்து வைத்தார்கள். அடுத்த முறை வந்தவர் பாராட்டிவிட்டுப் போனார். செப்டம்பர் முடியும் வரை ஒரு குறையும் கண்ணில் படவில்லை.

அக்டோபரில் 32-லிருந்து 7-ஐக் கழிக்கும் கணக்கு வந்தது. முதல் வரிசையில் இருந்த ஒரு சிறுமி மூன்று நீலமும் இரண்டு மஞ்சளும் வைத்தாள். இரண்டு மஞ்சளை எடுத்தாள். இன்னும் ஐந்து எடுக்க வேண்டும். நீல வில்லை ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இதுக்குள்ள மஞ்சள் இல்லையே, எப்படி எடுக்கிறது?" என்று கேட்டாள். நோட்டில் 35 என்று எழுதியிருந்தாள். ஏழில் இரண்டு போனால் ஐந்து. மூன்றை அப்படியே கீழே இறக்கிவிட்டாள். அன்று மாலை எல்லா நோட்டுகளையும் பார்த்தபோது 19 பேர் 35 என்றே எழுதியிருந்தார்கள்.

அந்தச் சிறுமி கேட்டது முழுக்கச் சரியான கேள்வி. நீல வில்லைக்குள் பத்து மஞ்சள் இல்லை. நீலம் என்றால் பத்து என்று வகுப்பில் எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். மறுநாள் கரும்பலகையில் வெள்ளைச் சுண்ணக்கட்டியால் வட்டங்கள் போட்டு, இவற்றில் எது பத்து என்று கேட்டபோது ஒருவராலும் சொல்ல முடியவில்லை. நான்கு மாதங்களாக அவர்கள் படித்தது நிறங்களை; எண்களை அல்ல. மறுபடியும் ஈர்க்குச்சியிலிருந்து தொடங்கி இடமதிப்பை முடிக்கப் பொங்கல் வந்துவிட்டது. பெருக்கலும் பின்னமும் கடைசி இரண்டு மாதங்களில் அவசர அவசரமாக நடந்தன. வகுத்தல் சரியாக வராமலேயே அந்தப் பிள்ளைகள் நான்காம் வகுப்புக்குப் போனார்கள். பார்வையிட வருபவர் அரை மணி நேரம் இருப்பார், பிள்ளைகள் ஆண்டு முழுவதும் இருப்பார்கள் என்று ஜூன் மாதமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் இருந்தது ஆசிரியையின் தவறு. சொல்ல முடியாத நிலையில் ஆசிரியர்களை வைத்திருப்பது மற்றவர்களின் தவறு.

ஈர்க்குச்சியில் அதே கணக்கு இப்படி நடக்கும். மூன்று கட்டு, இரண்டு உதிரி. ஏழு எடுக்க வேண்டும்; உதிரி போதாது. பிள்ளை தானாகவே ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றும். இப்போது இரண்டு கட்டு, பன்னிரண்டு உதிரி. ஏழு எடுத்தபின் ஐந்து மீதம்; விடை 25. ரப்பர் பேண்டைக் கழற்றும் அந்த நொடியில்தான் கழித்தல் பிள்ளைக்குப் புரிகிறது. ஆசிரியர் அவசரப்பட்டுத் தாமே கழற்றிக் கொடுத்துவிடக் கூடாது. 'கடன் வாங்குதல்' என்ற பழைய சொல்லையும் விட்டுவிடுவது நல்லது. திருப்பித் தராத ஒன்று எப்படிக் கடனாகும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். 'பிரித்தல்' என்றால் கை செய்த வேலையும் வாய் சொல்லும் சொல்லும் ஒன்றாகிவிடும். ஆறு வாரம் இப்படிக் கட்டிப் பிரித்தபின் கட்டைகளும், அதன்பின் வில்லைகளும் வரலாம். அப்போதும் பத்து மஞ்சளைக் கொடுத்து ஒரு நீலம் வாங்கும் 'வங்கி' விளையாட்டோடுதான் வில்லைகளைத் தொடங்க வேண்டும்.

பெருக்கலுக்குச் சோடா மூடிகளை வரிசையாக அடுக்கினாலே போதும். 12 வரிசையில் ஏழேழாக அடுக்கி, பத்தாம் வரிசைக்குக் கீழே ஒரு குச்சியை வைத்தால் 70-ம் 14-ம் தனித்தனியே தெரியும். வாய்ப்பாட்டைக் கடிகாரம் வைத்து வேகமாக ஒப்பிக்கச் சொல்லும் போட்டிகளால், ஏற்கெனவே தெரிந்தவர்களுக்குப் பரிசு கிடைக்கிறது, தெரியாதவர்களுக்குப் பயம் மட்டும் கிடைக்கிறது.

மாத நாட்காட்டியின் பழைய தாள்களைத் தூக்கி எறியக் கூடாது. எந்த மாதமானாலும் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது தேதிகளைக் கட்டம் கட்டினால், அவற்றின் கூட்டுத்தொகை நடுத் தேதியைப் போல ஒன்பது மடங்காக இருக்கும். முதலில் கூட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும். நடு எண்ணின் இரகசியத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கும் வரை வாய் திறக்கக் கூடாது.

வடிவத்துக்கும் எண் அமைப்புக்கும் புள்ளிக் கோலத்துக்கு ஈடான பொருள் வேறில்லை. நேர்ப்புள்ளி ஏழு வைத்து, மேலும் கீழும் ஐந்து, மூன்று, ஒன்று எனக் குறைத்து வந்தால் மொத்தம் 25 புள்ளிகள். இவற்றைச் சாய்வாகப் பார்க்கச் சொல்ல வேண்டும். நான்குக்கு நான்காக 16 புள்ளிகளும், அவற்றின் இடைவெளிகளில் மூன்றுக்கு மூன்றாக 9 புள்ளிகளும் தெரியும். ஐந்து புள்ளிக் கோலத்தில் மொத்தம் 13. அதாவது 9-ம் 4-ம். இரண்டு நிறச் சுண்ணக்கட்டி கொடுத்தால் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் இதை ஒரே பாடவேளையில் கண்டுவிடுகிறார்கள். நிறம் உதவும் இடம் இதுதான். இங்கே அது ஏற்கெனவே இருக்கும் அமைப்பைக் காட்டுகிறது.

பின்னத்துக்குத் தாள் மடிப்பு. ஒருமுறை மடித்தால் அரை, இரண்டாம் முறை கால், மூன்றாம் முறை அரைக்கால், நான்காம் முறை மாகாணி. ஒன்றின் கீழ் எட்டு, ஒன்றின் கீழ் பதினாறு என்று எழுதுவதற்கு முன் இந்தப் பெயர்களைச் சொல்லித் தந்தால், அரையில் பாதி கால், காலில் பாதி அரைக்கால் என்பது மடிப்போடு சேர்ந்தே மனத்தில் பதியும். எட்டில் ஒன்று நான்கில் ஒன்றைவிடப் பெரியது என்று நினைக்கும் வழக்கமான பிழை இந்த வகுப்பில் அரிதாகவே வருகிறது. தாள் மடிப்பைக் கொண்டே வடிவியல் கற்பிக்கும் நூல் ஒன்றைச் சுந்தர ராவ் என்பவர் 1893-இல் சென்னையில் ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஜெர்மானியக் கணித அறிஞர் ஃபெலிக்ஸ் கிளைன் அதைக் குறிப்பிட்டபின் அது வெளிநாடுகளிலும் பரவியது. நம் ஊரில் பிறந்த இந்த முறையை நம் பள்ளிகள் மறந்திருப்பது வருத்தத்துக்குரியது.

அளத்தலுக்கு மேசையைச் சாணால் அளக்கச் செய்து, ஒருவருக்கு ஒன்பதும் இன்னொருவருக்குப் பதினொன்றும் வரும்போது அளவுகோலை எடுக்கலாம். தரவுக்கு, ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்த நான்கு புளியங்கொட்டைகளை நூறு முறை உருட்டி, எத்தனை வெள்ளை விழுந்தது என்று கோடு போட்டு வரலாம். இரண்டு பக்கமும் சமமாக விழும் கொட்டைகளானால் இரண்டு வெள்ளை விழுவதே அதிகமாக இருக்கும். பல்லாங்குழியும் ஆடுபுலி ஆட்டமும் வெள்ளிக்கிழமை மாலைக்கு உரியவை.

கற்றல் வளங்களில் முதலாவது மாநிலப் பாடநூல்தான். 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் பயிற்சிப் புத்தகங்களும் அதனுடன் உள்ளன. எளிய பொருள்களால் பொம்மைகளும் மாதிரிகளும் செய்யும் முறைகளை அரவிந்த் குப்தாவின் இணையதளம் இலவசமாகத் தருகிறது. சென்னை ஆசிரியர் பி.கே. சீனிவாசன் எழுதிய நூல்கள் எல்லாவற்றிலும் மேலானவை. நாட்காட்டியை வைத்தே எண் விளையாட்டுகளைச் சொல்லும் நூல் ஒன்றும் அவற்றில் உண்டு. அவர் முயற்சியால் 1993-இல் இராயபுரத்தில் உருவான இராமானுஜன் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம்.

இருவருக்கு நூறு ஈர்க்குச்சி என்ற கணக்கில் 28 பிள்ளைகளுக்கு 1,400 குச்சிகளும் 154 ரப்பர் பேண்டுகளும் தேவை. பள்ளிக்குப் பின்னால் இருக்கும் தென்னையிலிருந்தே குச்சிகள் கிடைக்கும்; உரித்துச் சீவி ஒரே அளவாக நறுக்க இரண்டு மாலைகள் ஆகும். அந்த வேலையை ஜூன் முதல் வாரத்திலேயே முடித்துவிட வேண்டும். யார் வந்து என்ன சொன்னாலும் கட்டுகள் மூன்றாம் வகுப்பின் மூலையிலேயே இருக்க வேண்டும்.