ஆக்ஸிஜன் சென்ஸாரும் அதன் இடமாற்றமும்

மோட்டார் வண்டியின் உறுப்புக்களுள் உருவிற் சிறிதாயினும் பொறுப்பிற் பெரிதாயதொன்று ஆக்ஸிஜன் சென்ஸார். புகையில் எஞ்சிய பிராணவாயுவை அறிதலின் இதனை உணர்கருவி என்பாம். ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தார் ஆக்கிய இக்கருவி, 1976-ஆம் ஆண்டில் வால்வோ கார்களில் முதன்முதல் அமைந்தது. இதன் இயல்பையும், இதனை இடம் மாற்றுங்கால் போற்றவேண்டுவனவற்றையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

நிறையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்றுக் கலப்பதே நேரிய கலவை. அது பிறழாதவழியே புகைக்குழாயிலுள்ள வினையூக்கி நச்சு வாயுக்களை நன்கு மாற்றும். உணர்கருவியின் உள்ளீடு சிர்க்கோனியா என்னும் பீங்கான்; அதன் இருபுறமும் பிளாட்டினம் பூசப்பெற்றுள்ளது. ஒருபுறம் புகையும் மறுபுறம் வெளிக்காற்றும் தீண்டும். ஏறத்தாழ 300 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற் சூடேறியபின், இருபுறத்துப் பிராணவாயுவின் வேற்றுமையால் மின்னழுத்தம் பிறக்கும். பெட்ரோல் மிகின் 0.9 வோல்ட் அளவும், காற்று மிகின் 0.1 வோல்ட் அளவும் தோன்றும். அதுகொண்டே வண்டியின் கணினி பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் விடுகின்றது. ஆதலின் இக்கருவி ஒரு தூதன். கண்டதைத் திரியாது உரைத்தலே அதன் கடன்.

புகைக்குழாயை மாற்றியமைப்போர் உணர்கருவியையும் இடம் மாற்ற நேரும். அப்போது எல்லாச் சிலிண்டர்களின் புகையும் ஒருங்கு கூடிய பின்னும், வினையூக்கிக்கு முன்னும் உள்ள இடமே தக்கது. அதற்கு முன்னர்க் குழாயிற் கசிவு இருத்தலாகாது. கசிவுவழிப் புறக்காற்றுப் புகின், கலவை செவ்விதாயினும் காற்று மிகுந்ததென்றே கருவி உரைக்கும். கணினி அதனை நம்பிப் பெட்ரோலை வீணே பெய்யும். வினையூக்கியும் மிகச் சூடேறிக் கெடும். எஞ்சினுக்கு நெடுந்தொலைவில் வைப்பின், ஒற்றைக் கம்பியுடைய கருவி குளிர்ந்து வாய் அடங்கும். சூடேற்றி பொருந்திய நான்கு கம்பிக் கருவியே அவ்விடத்திற்கு ஏற்றது. கிடைமட்டத்திற்கு மேல் 10 டிகிரியேனும் தலை நிமிர வைத்தலும் வேண்டும். இன்றேல் குழாயில் ஊறும் நீர் பட்டுச் சூடான பீங்கான் வெடிக்கும்.

இனிக் கம்பிகளைக் கூறுவாம். பாஷ் கருவிகளில் வெண்கம்பி இரண்டும் சூடேற்றிக்கும், கருங்கம்பி செய்திக்கும், சாம்பல்நிறக் கம்பி அதன் எதிர்முனைக்கும் உரியன. சூடேற்றிக்கு 12 வோல்ட் மின்சாரம் பியூஸ் வழியே வருதல் வேண்டும். செய்தியோ ஒரு வோல்ட்டினும் குறைந்தது. இணைப்பிற் சிறிது துரு ஏறினும் அது திரிந்துவிடும். பல கருவிகளில் வெளிக்காற்றுக் கம்பி இழைகளினூடே உட்புகுதலால், அக்கம்பிகளை ஈயத்தாற் பற்றவைத்தல் தகாது. பிளக்கிற்கு அப்பாலுள்ள வண்டிக் கம்பியை நீட்டி, வெப்பக் குழாயைத் தீண்டாது கட்டுதலே நன்று.

வினையூக்கியின் பின்னே அதனைக் கண்காணிக்கும் மற்றோர் உணர்கருவியும் பல வண்டிகளில் உண்டு. கெட்ட வினையூக்கியை மறைத்து எச்சரிக்கை விளக்கை அணைக்க வேண்டி, சிலர் இக்கருவியைப் புகையினின்று விலக்கி வைக்கின்றனர். விளக்கு அணையும், நஞ்சு அணையாது, அதனைச் சுவாசிப்பவர் வழிநடப்போரே. தூதனை இடம் மாற்றலாம். பொய்யுரைக்கப் பழக்கலாகாது என்பதை நாம் உளங்கொள்ளுதல் வேண்டும்.