முதல் நோயாளிக்கு முன்பே போட வேண்டிய கணக்கு

எம்.எஸ். சர்ஜரி சேர்ந்திருக்கிறீர்களா? தீசிஸ் தலைப்பு முடிவானதுமே உங்கள் கல்லூரியின் புள்ளியியல் நிபுணரைப் போய்ப் பாருங்கள். டேட்டா முழுவதையும் எக்செலில் ஏற்றிய பிறகு போனால் அவரால் பெரிதாக எதையும் காப்பாற்ற முடியாது.

ஏன் என்று பாருங்கள். இரண்டு தையல் முறைகள், முறைக்கு 30 நோயாளிகள். பழைய முறையில் 6 பேருக்குப் புண்ணில் சீழ் வைக்கிறது, புதியதில் 3 பேருக்கு. பி மதிப்பு 0.05-ஐத் தாண்டியே வரும். உடனே ‘இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். அச்சான கட்டுரைகளிலேயே இந்தத் தவறு மலிந்து கிடக்கிறது. 95 சதவீத நம்பிக்கை இடைவெளியைப் போட்டுப் பாருங்கள்: புதிய முறை சீழை 28 சதவீதப் புள்ளிகள் குறைத்திருக்கலாம், 8 புள்ளிகள் கூட்டியும் இருக்கலாம். அதாவது, ஆய்வு எதையுமே தீர்மானிக்கவில்லை. சீழ் 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைவதை 80 சதவீத பவரோடு (வித்தியாசம் உண்மையிலேயே இருந்தால் அதைப் பிடித்துவிடும் வாய்ப்போடு) கண்டறிய, முறைக்கு ஏறத்தாழ 200 பேர் வேண்டும்.

ஆய்வு முடிந்தபின், கிடைத்த முடிவையே வைத்து பவர் கணக்கிடச் சொல்வோர் உண்டு. ‘ஆனல்ஸ் ஆஃப் சர்ஜரி’ இதழிலேயே அப்படி ஒரு பரிந்துரை வந்து, 2019-இல் புள்ளியியலாளர் ஆண்ட்ரூ கெல்மன் அதே இதழில் மறுத்து எழுதினார். அவர் பக்கமே நியாயம். அந்த பவர், பி மதிப்பு வேறு வேடத்தில் வருவதுதான், பி 0.05 என்றால் பவர் சுமார் 50 சதவீதம். புதிதாக ஒன்றும் தெரியவராது.

‘30 கேஸ், ஒரு சிக்கல்கூட இல்லை’ என்பதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். சிக்கல் பூஜ்யம் என்றால் 3-ஐ நோயாளிகளின் எண்ணிக்கையால், இங்கே 30-ஆல், வகுங்கள்: உண்மையான சிக்கல் விகிதம் 10 சதவீதம் வரைகூட இருக்கலாம். எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக, இருபக்கக் குடலிறக்கம் உள்ள ஒருவரை இரண்டு நோயாளிகளாக எண்ணாதீர்கள். கிளினிக்கல் டிரயல் என்றால், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய ஆய்வுப் பதிவேட்டில் பதிவு செய்துவிடுங்கள். 2018 ஏப்ரலிலிருந்து, ஆய்வு தொடங்கிய பிறகு பதிவு செய்ய முடியாது.

இரண்டு முறைகளுக்கும் சேர்த்து 400 பேர் ஒரே வார்டில் கிடைக்கமாட்டார்கள்தான். வயிற்றுப் புண்ணைத் தைத்து மூடும் முன் கையுறையையும் கருவிகளையும் மாற்றினால் சீழ் குறையுமா என்று பார்த்த ‘சீட்டா’ ஆய்வில், இந்தியா உட்பட 7 நாடுகளின் 81 மருத்துவமனைகள் கைகோத்தன. 13,301 நோயாளிகள், தொற்று 18.9 சதவீதத்திலிருந்து 16 ஆனது. இந்தச் சிறு வித்தியாசம் தெரியவே அத்தனை பேர் தேவைப்பட்டார்கள். இப்படிப்பட்ட கூட்டு ஆய்வு எதிலாவது உங்கள் துறை சேர முடியுமா என்று கைடிடம் இந்த வாரமே கேளுங்கள்.